காது வைத்த கூடை

கூடையின் காதுக்கு நான் முதலில் கொடுத்த அளவு தப்பு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஏதோ தப்பாகச் செய்துவிட்டார்களாம், நான் போய்ச் சண்டை போட்டுத் திருத்தினேனாம். அப்படி இல்லை. நான் எழுதிக் கொடுத்த எண்ணைத்தான் அவர்கள் இரும்பில் வெட்டினார்கள்.

மரக்காணம் உப்பளத்தில் என் அம்மா கூடை தூக்குகிறாள். அப்பா பாத்தியில் உப்பு வாருகிறார். அம்மா பக்கத்திலும் சரி, அப்பா பக்கத்திலும் சரி, எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் ஒருவரும் இல்லை. நான் பன்னிரண்டாவது முடித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன். வகுப்பில் பெண்கள் நான்கே பேர். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிரட்டும்.

படித்து முடித்ததும் கிளியனூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்கெட், மக்கு, முறம், கூடை எல்லாம் அங்கே செய்கிறார்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போய் இன்னொரு பேருந்து மாற வேண்டும். என் வேலை, மெஷினிலிருந்து வரும் சாமானில் பிசிறு இருக்கிறதா, ஓரம் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கூடையை எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் அதே கூடை. அம்மா உப்பு தூக்கும் கூடை இங்கேதான் பிறக்கிறது.

அந்தக் கூடைக்குப் பிடி கிடையாது. வட்டமான வாய், அதைச் சுற்றி மெல்லிய விளிம்பு. இருபது கிலோவுக்கு மேல் ஈர உப்பை நிரப்பித் தலைக்கு ஏற்றினால், ஒரு கை எப்போதும் அந்த விளிம்பைப் பிடித்தபடி இருக்க வேண்டும். வரப்பு வழுக்கும், பிடியை விட முடியாது. விளிம்பு விரலின் உள்மடிப்பில் பதிந்து பதிந்து வெடிப்பு விழும். வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கும். அதற்காக விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொள்வார்கள். போன சீசனில் அம்மா இரண்டு முறை வரப்பில் கூடையைத் தவறவிட்டாள். கேட்டதற்கு, "கை சரியில்லடி" என்றாள். அவள் மட்டுமில்லை, எல்லாப் பெண்களும் அதையேதான் சொல்வார்கள். கூடை சரியில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விளிம்பு ஏன் அவ்வளவு மெல்லியது என்று கம்பெனியில் கேட்டேன். ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்குவதற்காம். தடித்த விளிம்பு என்றால் அடுக்கு உயர்ந்துவிடும், லாரியில் குறைவாகத்தான் ஏறும். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஒரு தெளிவுதான் வந்தது. இந்தக் கூடைக்கும் யாரோ அளவு எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். லாரிக்கு எடுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பார்க்கிற சாமானையெல்லாம் இது யாருடைய உடம்புக்குச் செய்தது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தின் வயிறும் கழுத்தும் இடுப்புக்கும் முழங்கைக்கும் சரியாகப் பொருந்தும். அதைச் செய்தவனுக்குக் குடம் தூக்குகிற பெண்ணைத் தெரியும். எங்கள் வீட்டு அடுப்பு மேடை கொத்தனாரின் உயரத்துக்கு இருக்கிறது; அம்மா தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிளறுவாள். பேருந்தின் மேல்கம்பி எனக்கு எட்டாது. கம்பெனியில் கொடுக்கிற கையுறையில் ஃப்ரீ சைஸ் என்று போட்டிருக்கும். அதைப் போட்டால் என் விரல் நுனிக்கு அப்பால் இன்னொரு அரை விரல் தொங்கும். பாலிடெக்னிக் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பாடமே இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஓர் ஆணின் படம், அவன் முழங்காலிலிருந்தும் தோளிலிருந்தும் அம்புக்குறிகள். பரீட்சைக்காக அந்த எண்களை மனப்பாடம் செய்தேன். அதில் உப்பு தூக்குகிற கை ஒன்றுகூட இல்லை என்று அப்போது தோன்றவில்லை.

மூன்று மாதம் பொறுத்திருந்து மேனேஜரிடம் போனேன். கூடையையும் கையோடு எடுத்துப் போனேன்.

"இன்னாம்மா, கூடையில கம்ப்ளைன்ட்டா?"

"இல்ல சார். இத தூக்குறவங்க கைய பாத்திருக்கீங்களா?"

"நான் கூடை விக்கிறவன். கை பாக்க ஜோசியக்காரனா?"

மேசையில் எங்கள் கம்பெனி மக்கு ஒன்று பேனா போட்டு வைக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டி, "ஒரு மக்கு தண்ணி மொள்ளறதுக்கு நாலு விரல் போற மாதிரி பிடி வெச்சிருக்கோம். இருபது கிலோவுக்கு ஒண்ணுமே வெக்கல" என்றேன். அவர் மக்கைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கூடையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"ரெண்டு பக்கமும் பிடிக்கக் காது வெக்கலாம். மோல்டுல எடம் இருக்குது. ஆனா காது ஓட்டைக்கு அளவு யார் குடுப்பா?"

"நான் குடுக்கறேன்."

"ஒரு சாம்பிள்தான். உங்க ஊர்லயே தூக்கிப் பாக்கணும். அவங்க வேணாம்னா பழைய கூடையே போகும். அப்புறம் இந்த பேச்சே எடுக்கக் கூடாது, புரியுதா?"

புரிந்தது. ஓட்டை எப்படி வருகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மோல்டு என்கிற வார்ப்பு அச்சுக்குள் ஓட்டை வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் துண்டு நிற்கும். உருகிய பிளாஸ்டிக் அதைச் சுற்றி ஓடி இறுகும். துண்டு இருந்த இடம் ஓட்டை. துண்டு பெரிதாகிவிட்டால் ராவிச் சின்னதாக்கலாம். சின்னதாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, புதிதாகத்தான் வெட்ட வேண்டும். இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளுப்பதற்கு முன் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனேன். அம்மாவின் வரிசையில் இருபத்திரண்டு பெண்கள். கையில் வெர்னியர் வைத்திருந்தேன், நுணுக்கமாக அளக்கிற இரும்புக் கருவி. வரிசையில் முதலில் நின்றவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். உறவு இல்லை, எங்கள் தெருக் கோடியில் வீடு. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. வாய் அதிகம்.

"இன்னாடி அது, பல்லு புடுங்கற சாமானா?"

"கை அகலம் பாக்கறதுக்கு அத்தை. ஒரே நிமிஷம்."

"இன்னாத்துக்கு? மோதிரம் போடப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் அப்படியே. நகம் கறுத்து, தோல் வெடித்த கையை என் பளபளப்பான கருவிக்குள் நீட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. "ஏம்மா, வேலை நேரத்துல இன்னா வெளையாட்டு" என்று மேஸ்திரி கத்தினார். ஒரு கைகூட அளக்காமல் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் மரக்காணம் கடைத்தெருவில், வளையல் கடை பாயிடம் ஒரு பெண் "ரெண்டு ஆறு குடு பாய்" என்று கேட்டதைப் பார்த்தேன். பாய் அவள் கையை அளக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. எடுத்துக் கொடுத்தார், போட்டுக்கொண்டு போனாள்.

வளையல் அளவு என்பது என்ன? ரெண்டு நாலு என்றால் இரண்டு அங்குலமும், அங்குலத்தைப் பதினாறு பங்காக்கியதில் நாலு பங்கும். அதாவது இரண்டேகால் அங்குலம். பெரியவர்கள் ரெண்டேகால் என்றே சொல்வார்கள். ரெண்டு எட்டு என்றால் ரெண்டரை. கட்டை விரலை மடக்கிக் கையைக் குறுக்கினால் எந்த வட்டத்துக்குள் நுழையுமோ அந்த வட்டம். ஆக எங்கள் ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் கையின் அளவு பதினாறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அட்டவணை எல்லோர் வாயிலும் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காக அன்று இரவு நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வரப்பில் கூடவே நடந்து கேட்டேன். யாரும் கையை ஒளிக்கவில்லை. பெரும்பாலும் ரெண்டேகால், சிலர் ரெண்டு ஆறு. ஒரே ஒருத்தர் ரெண்டரை, அதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அத்தை, "ரெண்டேகால். அதுவும் தொளதொளன்னு இருக்கும்" என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ரெண்டேகால் என்றாள்.

நான் கேட்டதோடு விடவில்லை. கவரிங் வளையல் போட்டிருந்தவர்களின் வளையலை வெர்னியரால் அளந்து பார்த்தேன். வளையலைக் காட்ட யாருக்கும் வெட்கமில்லை. சொன்ன அளவும் போட்டிருந்த அளவும் சரியாக இருந்தன. என் கையின் வளையல் அளவுக்கும் விரல் முட்டிகளின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, அதிலிருந்து கணக்குப் போட்டேன். பெரிய கைக்கும் நுழைய வேண்டும் என்று ரெண்டரைக்கே கணக்குப் போட்டு, மேலே கொஞ்சம் இடமும் விட்டேன். எண்ணை டிராயிங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன்.

புரட்டாசியில், மழைக்கு முன் கடைசி உப்பு வாருகிற நாட்களில், சாம்பிள் வந்தது. பன்னிரண்டு கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பேருந்தில் கொண்டுவந்தேன். காது வைத்த பிறகு அடுக்கு உயரமாகத்தான் இருந்தது. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா என்றார்.

உப்பளத்தில் முதல் கூடையை அத்தைதான் எடுத்தார். நிரப்பி, இன்னொருத்தர் கை கொடுக்க, தலையில் ஏற்றினார். வலது கையைக் காதுக்குள் விட்டார். விரல்கள் போயின. முட்டியில் நின்றுவிட்டது. நடந்துகொண்டே அழுத்தினார். முட்டித் தோல் உரிந்து, அதில் கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் பட்டது. அத்தை உப்பை அங்கேயே கொட்டிவிட்டுக் கூடையை வரப்பில் எறிந்தார்.

"பொம்மக் கல்யாணத்துக்குக் கூடை செஞ்சினு வந்திருக்காடி படிச்ச புள்ள."

"குழந்தைங்க பீச்சாங்கரையில மண்ணு அள்ளும்" என்றார் இன்னொருவர்.

அரை மணி நேரத்தில் பதினொரு கூடைகள் வரப்பில் கிடந்தன. எல்லோரும் பழைய கூடைக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் பன்னிரண்டாவதை விடவில்லை. மூன்று விரல்களை உள்ளே விட்டு, சுண்டு விரலை வெளியே தூக்கி வைத்தபடி நடை நடையாகத் தூக்கினாள். பதினொரு பேர் எறிந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. "போதும்மா, வெச்சிடு" என்றேன். கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது அவள் கையை இழுத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். வளையலுக்கு அடியில் உப்பு ஒட்டியிருந்தது. துடைப்பதற்காக வளையலைக் கழற்றப் பார்த்தேன். மணிக்கட்டில் சுலபமாகச் சுழன்ற வளையல் கட்டை விரல் மூட்டில் வந்து நின்றது. திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை.

"அது வராதுடி" என்றாள் அம்மா, கஞ்சியைக் குடித்துக்கொண்டே. "நீ ஆறாவது சேந்தப்போ போட்டது. அதுக்கப்புறம் கழட்டவே இல்ல. கழட்டணும்னா அறுக்கணும்."

நான் அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வளையல் நுழைந்த கை வேறு, இந்தக் கை வேறு. நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷ உப்பு இருக்கிறது. வெர்னியரை வைத்து, நூலளவு பிசகாமல், என்றோ இருந்த ஒரு கையை நான் அளந்திருக்கிறேன். வளையல் போடாத அத்தை சொன்னதோ அவருடைய கல்யாண அளவு. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் கை என்று எதை நினைத்திருக்கிறார்களோ அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மேனேஜர் திருப்பி வந்த கூடைகளைப் பார்த்துவிட்டு, "சரி, பழசே போகட்டும்" என்றார்.

"சார், தப்பு என்னுது."

"தெரியும். டிராயிங்ல உன் கையெழுத்துதான இருக்குது."

"காது வெச்சது தப்பில்ல. ஓட்டை சின்னது. புது துண்டு ரெண்டு வெட்டினா போதும்."

"டூல் ரூம்ல யாருக்கும் நேரமில்ல. தீபாவளி ஆர்டர் பாதி நிக்குது."

"நானே வெட்டறேன். ஷிப்ட் முடிஞ்சப்புறம்."

"மில்லிங் மெஷின் உன் ஒசரத்துக்கு இல்லம்மா."

"கீழ பலகை போட்டுக்கறேன்."

பாலிடெக்னிக்கிலும் அப்படித்தான். அங்கே மெஷின்களின் கைப்பிடிகள் எல்லாம் என் தோளுக்கு நேராக இருக்கும். முதல் வாரமே தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பலகையைக் கேட்டு வாங்கிக் காலடியில் போட்டுக்கொண்டேன். பையன்கள் அதை மேடை என்பார்கள். தலைவர் பேச வந்துவிட்டார் என்பார்கள். மூன்று வருஷமும் நான் மேடையிலிருந்து இறங்கவில்லை.

மேனேஜர் திருப்பி வந்த கூடை ஒன்றின் காதுக்குள் தன் விரல்களை விட்டுப் பார்த்தார். "அளவு? மறுபடியும் வளையலா?"

"வளையல்தான் சார். இந்த வாட்டி கேக்க மாட்டேன். போட்டுப் பாப்பேன்."

"பொங்கல் வரைக்கும் டைம். அதுக்கு மேல மோல்ட தொட விட மாட்டேன்."

வளையல் கடைக்குப் போய் எல்லா அளவிலும் கண்ணாடி வளையல் கேட்டேன்.

"யார் வூட்ல கல்யாணம்?" என்றார் பாய்.

"கல்யாணம் இல்ல பாய். கூடைக்கு."

"கூடைக்கு வளையலா? மாஷா அல்லா. படிச்சா இப்பிடியெல்லாம் கேக்கத் தோணுமா?"

"ரெண்டு பன்னெண்டு இருக்குதா?"

அவர் கை நின்றது. "ரெண்டு பத்து வரைக்கும்தாம்மா எறக்கறேன். அதுக்கு மேல இங்க யாரும் கேக்கறதில்ல."

கேட்பதில்லைதான். கேட்க வேண்டியவர்கள் கடைக்கே வருவதில்லை. ரெண்டு பன்னிரண்டில் பிளாஸ்டிக் வளையல்கள் சிலவற்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துத் தந்தார். கண்ணாடி உடையாமல் ஏற்றுவதற்கு ஒரு கட்டு மெல்லிய பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்.

ஐப்பசியில் உப்பளம் முழுக்கத் தண்ணீர். வேலை கிடையாது. ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி எல்லோரையும் அழைத்தேன். கையில் ஏறுகிற வளையலைப் போட்டுக்கொண்டு போகலாம் என்றேன். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். வீடு கொள்ளவில்லை. பிளாஸ்டிக் பேசினில் சோப்புத் தண்ணீர் கலந்து வைத்தேன். ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, அவரவர் சொன்ன அளவிலிருந்தே தொடங்கினேன்.

"ரெண்டேகாலா? ரெண்டேகால் உன் பேத்திக்கே வராது" என்று ஒருவர் இன்னொருவரைக் கிண்டல் செய்தார்.

"கல்யாணத்துல எனக்கு அதான்டி."

"கல்யாணத்துல எனக்கு இடுப்புகூடதான் இருந்துது."

முதல் வளையல் உடைந்ததும் சிரிப்பு ஆரம்பித்தது. அடுத்தடுத்து உடைய உடைய அதிகமானது. ரெண்டேகால் என்றவர்களில் ஒருவருக்கும் ரெண்டேகால் ஏறவில்லை. ரெண்டு எட்டு சிலருக்கு, ரெண்டு பத்து பலருக்கு. சிலருக்கு அதுவும் போதவில்லை. அம்மா தன் முறை வந்தபோது கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரெண்டு பத்து. ஏறியதும் கையை ஆட்டி ஒருமுறை சத்தம் கேட்டாள். நான் நோட்டில் எழுதினேன்.

அத்தை கதவோரத்திலேயே நின்றிருந்தார்.

"அத்தை, வாங்க."

"எனக்கு வேணாம்."

சிரிப்பு நின்றது. புருஷன் இல்லாதவர் கையில் கண்ணாடி வளையல் ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை அங்கே நிற்க வைத்ததே தப்போ என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் விட முடியாது.

"உங்க கைதான் எல்லாத்துலயும் பெருசு அத்தை. பெரிய கைக்கு ஓட்டை போட்டா சின்ன கை தானா நுழையும். உங்களுத விட்டுட்டா மறுபடியும் பொம்மக் கூடைதான் வரும்."

"அளவுக்குத்தான?"

"அளவுக்குத்தான்."

வந்து உட்கார்ந்தார். முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார். ரெண்டு பத்து மூட்டில் நின்றது. பச்சை நிறத்தில் ஒரு ரெண்டு பன்னிரண்டு பிளாஸ்டிக் வளையலை சோப்புப் போட்டு மெல்லத் தள்ளினேன். ஏறியது. அத்தை கையைத் தூக்கிப் பார்த்தார். பேசினில் கையை விட்டு சோப்பைக் கழுவினார். சோப்பு போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கினியா?"

"எழுதிக்கினேன்."

தானே கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு அத்தையே கேட்டார்.

"வெறுங்கைய அளந்து இன்னா பண்ணப் போற? நாங்க வெறுங்கையில தூக்கறமா? துணி சுத்தி இல்ல தூக்கறோம்."

அது என் மண்டையில் உறைத்தது. அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து அத்தை தன் விரல்களில் சுற்றிக்கொண்டார். உப்பளத்தில் சுற்றுவது போலவே, கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கி. சுற்றிய கையை என் முன் நீட்டினார். "எங்க அந்தப் பல்லு புடுங்கற சாமான்? எடு."

வெர்னியரை எடுத்து அளந்தேன். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் துணி சுற்றிக்கொண்டு வந்து கையை நீட்டினார்கள். வெடிப்பு, நகம், தழும்பு எதையும் யாரும் ஒளிக்கவில்லை. இருபத்திரண்டு கைகளையும் நேராகவே அளந்து முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

அந்தக் கைகளில் பெரியது எதுவோ அதற்கு மேலும் இடம் விட்டு, அடுத்த மாதம் இரும்புத் துண்டுகள் இரண்டு வெட்டினேன். பலகை மேல் நின்று, ஷிப்ட் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம். ஓட்டையின் ஓரம் விரலை அறுக்காமல் உருண்டு வர வேண்டும் என்பதற்காக விளிம்பை மட்டும் மூன்று நாள் இழைத்தேன். டூல் ரூம் ஃபிட்டர் வந்து பார்த்துவிட்டு, "கூடைக்கா இவ்ளோ? நகைக்குப் பண்ற மாதிரி பண்றியேம்மா" என்றார். பண்ணினேன். இரண்டாவது தடவை தப்பு செய்ய எனக்கு இடம் கிடையாது.

மாசியில் புது உப்பு விளைந்ததும் மேனேஜர் தானே சாம்பிளோடு வந்தார். ஷூ போட்டுக்கொண்டு வரப்பில் தடுமாறினார். எனக்கு ஒரே ஒரு பயம்தான் மிச்சமிருந்தது. கை உள்ளே போய்விடும், அது தெரியும். உப்பைக் குவித்த அம்பாரத்தின் மேல் கூடையைச் சாய்க்கும்போது அதே வேகத்தில் வெளியே வர வேண்டும். மாட்டிக்கொண்டால் கூடை ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

இந்த முறையும் முதல் கூடை அத்தையுடையது. துணி சுற்றிய கை காதுக்குள் போனது. வரப்பில் நடந்தார். அம்பாரத்தில் ஏறினார். தலையைச் சாய்த்துக் கூடையைக் கவிழ்த்தார். உப்பு சரிந்தது. கை வெளியே இருந்தது. வெறும் கூடையை ஒரு காதில் பிடித்து ஆட்டிக்கொண்டே இறங்கினார். பின்னால் அம்மா. அவளுக்குப் பின்னால் வரிசை.

ஐந்தாறு நடை பார்த்துவிட்டு மேனேஜர் அத்தையை வழிமறித்தார். "எப்பிடிம்மா இருக்குது?"

"இன்னா எப்பிடி? வழி வுடு சார். பின்னாடி ஆளு வருது."

அவர் சேற்றில் ஒரு காலை வைத்து ஒதுங்கி நின்றார். நானும் ஒதுங்கினேன். அன்று கஞ்சி நேரம் வரை ஒரு கூடைகூட வரப்பில் எறியப்படவில்லை.

மறுநாள் கம்பெனியில் டிராயிங்கை முடித்துக் கையெழுத்துக்காகக் கொண்டுபோனேன். அளவுகளுக்குப் பக்கத்தில், அந்த அளவு எதை வைத்து எடுக்கப்பட்டது என்று எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. எங்கள் கம்பெனி டிராயிங் எல்லாவற்றிலும் அது காலியாகத்தான் இருக்கும். நான் அதில் எழுதியிருந்தேன்: மரக்காணம் உப்பளப் பெண்கள், வலது கை, துணி சுற்றியது.

மேனேஜர் அதைப் படித்தார். "இதுல யாரும் ஒண்ணும் எழுதறதில்லம்மா."

"எழுதணும் சார். நாளைக்கு வேற யாராவது வந்து ஓட்டை பெருசா இருக்குதுன்னு கொறைச்சிடக் கூடாது."

அவர் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.